பொதுச் சுவரில் ஓவியம்: கீழே உப்பு பூக்கிறது, வரைய வருபவர்கள் முப்பது பேர். எங்கிருந்து தொடங்குவது?

நூலகச்சுவர் எழுதியது:

வணக்கம். ஒரு பொது நூலகத்தின் பக்கவாட்டுச் சுவரில் ஓவியம் தீட்டுவதென்று முடிவாகியிருக்கிறது. சுவர் 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். செங்கல் கட்டு, சிமென்ட் பூச்சு. மேற்குப் பார்த்தது, பிற்பகல் முழுக்க வெயில். பழைய எமல்ஷன் இரண்டு மூன்று கோட் இருக்கிறது. கீழே ஒரு மீட்டர் வரை உப்பு பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. அதற்கு மேலே நன்றாகத்தான் தெரிகிறது.

வரைய வருபவர்கள் முப்பது பேர், பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓய்வு பெற்றவர்கள் வரை. முறையான ஓவியப் பயிற்சி இருவருக்குத்தான் உண்டு. எந்தப் பெயின்ட் வாங்குவது, சிறிய தாளில் உள்ள படத்தைச் சுவருக்கு எப்படிக் கொண்டுபோவது, எதை வரைவது என்று எப்படி முடிவெடுப்பது? பத்தாண்டாவது நிற்க வேண்டும் என்பது ஆசை. இப்போதே ஆளுக்கொரு கருத்து: ஒருவர் தலைவர்களின் முகம் வேண்டும் என்கிறார், இன்னொருவர் இயற்கைக் காட்சி போதும் என்கிறார்.

காரைப்பூச்சு எழுதியது:

பெயின்ட் பற்றிய கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கீழ் ஒரு மீட்டரில் உப்பு பூக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான். தரையிலிருந்து செங்கல் வழியே ஓதம் ஏறுகிறது. ஏறும் நீர் மண்ணிலும் செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். வெளிமுகத்துக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிடும், உப்பு நின்றுவிடும். மேலே எதுவும் பூசாத சுவரில் அது வெள்ளையாகப் பூக்கும், துடைத்தால் போகும். பெயின்ட் படலம் மூடியிருந்தால் அதற்குப் பின்னால் படிகமாகி, படலத்தை உள்ளிருந்து நெம்பும். நீங்கள் பார்க்கிற செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதுகில் மாவு போல வெள்ளைத் தூளோ ஊசி ஊசியான படிகமோ ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு மேல் இன்னும் கெட்டியான பெயின்ட், நீர்த்தடுப்புப் பூச்சு என்று அடிப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. ஆவியாக வழியில்லாத நீர் ஒரு மீட்டரில் நிற்காமல் ஒன்றரை மீட்டருக்கு ஏறும். அப்போது உரிவது உங்கள் ஓவியம்.

நீர் எங்கிருந்து வருகிறது என்று மூன்று இடத்தில் தேடுங்கள். ஒன்று, அடி: சுவரோரம் மண் குவிந்திருக்கிறதா, தளம் சுவரை நோக்கிச் சரிந்திருக்கிறதா. இரண்டு, பக்கம்: மழைநீர்க் குழாயின் மூட்டுகள். மூன்றாவது, சுவரின் தலை. இதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. மேலே மூடுகல்லோ சரிவுப் பூச்சோ சுவர்முகத்தைத் தாண்டி 4 அல்லது 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் அடிப்பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு நீர்வெட்டுக் காடி, அதாவது நீளமான பள்ளம், ஓட வேண்டும். காடி இல்லையென்றால் மழைநீர் சொட்டாமல் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவர்முகத்திலேயே வழியும். மேலிருந்து நீளமாக இறங்கும் கருங்கோடுகளைப் பார்த்திருப்பீர்கள், அவை அப்படி வந்தவை.

பிறகு ஒரு சோதனை. 45 செ.மீ. சதுரத்தில் தடித்த கண்ணாடி பிளாஸ்டிக் தாள் மூன்று வெட்டி, தரையிலிருந்து 30 செ.மீ., ஒன்றரை மீட்டர், மூன்று மீட்டர் உயரங்களில் நான்கு விளிம்பிலும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தாலோ அந்த இடத்தில் சுவர் கறுத்திருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. நேர் வெயில் படும் நேரத்தில் வைத்தால் முடிவை நம்ப முடியாது, சாயங்காலம் ஒட்டிக் காலையில் பிரியுங்கள்.

உப்பை அகற்றும்போது தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுவதைக் கீழே விரித்த தாளில் பிடித்து அள்ளிப் போடுங்கள். பூச்சே பொடியாக உதிர்ந்தால், கறை தெரியும் எல்லைக்கு மேல் இன்னும் அரை மீட்டர் வரை கொத்தியெடுத்து, சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு காரையால் பூசலாம். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும், அதாவது உள்ளீரத்தை ஆவியாக வெளியே விடும். உப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தான் கெடும். சில ஆண்டுக்கு ஒருமுறை அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அவசரத்துக்குச் சிமென்டில் பூசினால், குறைந்தது 28 நாள் விடாமல் மேலே பெயின்ட் வேண்டாம். புதுச் சிமென்டின் காரத்தன்மை பிஎச் 12, 13 வரை இருக்கும், பல நிறங்களை அது தின்றுவிடும்.

அந்தக் கீழ் ஒரு மீட்டரை ஓவியத்திலிருந்து விலக்கிவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஒரே நிறத்தில் பட்டை போதும். மழைத் தெறிப்பு, செருப்புத் தடம், சைக்கிள் சாய்ப்பது எல்லாம் அங்கேதான் படும். ஓவியத்தைத் தொடாமல் பட்டைக்கு மட்டும் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

மேலே உள்ள எமல்ஷன் நன்றாகத் தெரிகிறது என்றீர்கள். தெரிவதை நம்பாதீர்கள். உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கையில் சுண்ணாம்பு போல ஒட்டினால் மேல்படலம் மக்கிவிட்டது. பிளேடால் பெருக்கல் குறி கீறி, அதன்மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் கூடவே வந்தால் அந்தப் பகுதி முழுவதையும் சுரண்ட வேண்டியதுதான்.

கனிமநிறம் எழுதியது:

மூச்சு விடும் சுவர்தான் வேண்டும் என்றால் சிலிக்கேட் பெயின்டை ஏன் யாரும் சொல்லவில்லை? அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878ல் காப்புரிமை பெற்ற முறை இது. பொட்டாசியம் நீர்க்கண்ணாடி (பொட்டாசியம் சிலிக்கேட் கரைசல்) சுவரிலுள்ள சுண்ணாம்போடும் மணலோடும் வினைபுரிந்து கல்லாகவே பிணைந்துவிடும். மேலே படலமாக நிற்காததால் உரிவதற்கு எதுவும் இல்லை. இதில் கனிம நிறங்கள் மட்டுமே தாங்கும் என்பதால் வெயிலில் வெளுக்கிற பேச்சும் இல்லை. பத்தாண்டு என்ன, அதைப்போலப் பல மடங்கு நின்ற முகப்புகள் ஐரோப்பாவில் இருக்கின்றன. பழைய எமல்ஷனை ஒரு துளி விடாமல் எடுத்துவிட்டு, வெறும் பூச்சின் மேல் அடியுங்கள்.

காரைப்பூச்சு எழுதியது:

கனிமநிறம் சொன்ன குணங்களில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்தச் சுவருக்கும் இந்த ஆட்களுக்கும் பொருந்துமா என்பதே கேள்வி. 48 சதுர மீட்டரில் எமல்ஷனைத் துளி விடாமல் எடுக்கும்போது பூச்சின் மேல்தோலும் சேர்ந்து போகும். பழைய எமல்ஷன் மேலும் பிடிக்கிற சோல்-சிலிக்கேட் என்று ஒரு வகை உண்டு. ஆனால் அடியிலுள்ள எமல்ஷன் உரிந்தால் அதுவும் கூடவே விழும். அதைவிட முக்கியம், நீர்க்கண்ணாடி காரமானது. ஜன்னல் கண்ணாடியில் தெறித்தால் அரித்து நிரந்தரத் தழும்பு விடும், கண்ணில் பட்டால் நிலைமை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் கையில் கொடுக்கிற பொருள் அல்ல. புதுச் சுவர், தேர்ந்த நால்வர் என்றால் நானும் சிலிக்கேட்தான் சொல்வேன். இங்கே வெளிப்புறத்துக்கான சுத்த அக்ரிலிக் போதும், ஓதத்தை முதலில் நிறுத்தினால்.

ஈரமான சுவரோ பொருந்தாத பூச்சோ எப்பேர்ப்பட்ட கையையும் தோற்கடிக்கும். லியோனார்டோ டா வின்சி ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தை, நிறம் பூச்சோடு பிணைகிற ஈரச் சுண்ணாம்பில் தீட்டாமல் காய்ந்த சுவரில் தீட்டினார். அவர் உயிரோடிருந்தபோதே, 1517ல், அது கெடத் தொடங்கிவிட்டதாக நேரில் பார்த்தவர் குறித்து வைத்திருக்கிறார். கடைசியாக நடந்த சீரமைப்பு 1978 முதல் 1999 வரை நீண்டது.

சதுரக்கட்டம் எழுதியது:

சுவர் வேலை முடிந்தது என்று வைத்துக்கொண்டு வரைவதைப் பற்றிச் சொல்கிறேன்.

கீழ்ப்பட்டை போக ஓவியப் பரப்பு 12க்கு 3 மீட்டர், 36 சதுர மீட்டர். மூலப்படத்தைப் பத்தில் ஒன்றாக, 120 செ.மீ.க்கு 30 செ.மீ. தாளில் வரையுங்கள். அதில் 5 செ.மீ. கட்டம் போட்டால் சுவரில் அது 50 செ.மீ. நீளவாக்கில் 24, உயரவாக்கில் 6, மொத்தம் 144 கட்டம். தாளிலும் சுவரிலும் ஓரத்தில் ஒரே எண்ணையும் எழுத்தையும் எழுதுங்கள். முதல் கிடைக்கோட்டைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், தரை நிச்சயம் சரிந்திருக்கும். டியூப் லெவல் (நீர் நிரப்பிய குழாய்) வைத்து இரு முனையிலும் மட்டம் குறித்து நூல் அடியுங்கள், நிலைக்கோட்டுக்குத் தூக்குக்குண்டு. நூலுக்கு வெளிர்நீலச் சுண்ணப்பொடி நல்லது. கரி தடவிய நூல் மஞ்சளையும் வெள்ளையையும் அழுக்காக்கும், செம்பொடி எத்தனை கோட் அடித்தாலும் எட்டிப் பார்க்கும்.

புரொஜெக்டர் வசதிதான், ஆனால் இருட்டு வேண்டும், சுவருக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், 12 மீட்டருக்கு மூன்று நான்கு முறை நகர்த்த வேண்டும். நகர்த்தும் இடத்தில் கோடுகள் ஒட்டாது. கட்டத்தில் வரைந்தால் முப்பது பேரும் பகல் வெளிச்சத்தில் ஆளுக்கு ஐந்து கட்டம் எடுத்துக்கொள்ளலாம். முகங்களுக்கும் திரும்பத் திரும்ப வரும் உருவங்களுக்கும் மட்டும் துளைத்தாள் போடுங்கள்: பழுப்புத் தாளில் முழு அளவில் வரைந்து, கோட்டின் மேல் அரை செ.மீ.க்கு ஒரு துளை குத்தி, சுவரில் ஒட்டி, அதே வெளிர்நீலப் பொடி கட்டிய துணிப்பொட்டலத்தால் மெதுவாகத் தட்டினால் புள்ளிகள் இறங்கும். பழைய சுவரோவியர்கள் செய்ததும் இதுதான்.

இனி நிறம். மொத்தம் 20 நிறத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் மொத்தத் தேவைக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒரே தடவையில் கலக்குங்கள். பாதியில் தீர்ந்து இரண்டாவது முறை கலந்தால் அது ஒருநாளும் ஒத்துவராது. அக்ரிலிக் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி கறுக்கும். பால் போலிருக்கும் பசை தெளிந்துவிடுவதுதான் காரணம். அதனால் டின்னுக்குள் பார்த்து முடிவு செய்யாமல், அட்டையில் ஒரு தீற்று இழுத்துக் காயவைத்து, அதை மூலப்படத்தோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். மூடியில் எண்ணையும் காய்ந்த தீற்றையும் சேர்த்தே ஒட்டிவிடுங்கள். சுவரில் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அதே எண்ணைப் பென்சிலால் எழுதினால், தூரிகையே பிடிக்காதவர்களும் தடுமாறாமல் நிரப்புவார்கள். எதையும் ஊற்றித் தீர்த்துவிடாமல், ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டர் இறுக்கி மூடிப் பழுதுபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கு வெயிலில் எது வெளுக்கும் என்பதை டின்னில் எழுதியுள்ள கவர்ச்சியான பெயர் சொல்லாது. சிறிய எழுத்தில் உள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஒய். 42 மஞ்சள் இரும்பு ஆக்சைடு, பி.ஆர். 101 சிவப்பு இரும்பு ஆக்சைடு, பி.டபிள்யூ. 6 டைட்டானியம் வெள்ளை, பி.பி. 15 தாலோ நீலம், பி.ஜி. 7 தாலோ பச்சை: இவை நிற்கும். ஒளிரும் நிறங்கள் பக்கமே போகாதீர்கள். பளிச்சென்ற இளஞ்சிவப்பும் ஊதாவும் குறியீடு தெரியாமல் வாங்கினால் முதலில் போவது அவைதான். கலவையில்தான் ஏமாற்றம் அதிகம். மலிவான மஞ்சளோடு தாலோ நீலம் கலந்து இலைப்பச்சை செய்தால், மஞ்சள் வெளுத்து நீலம் மட்டும் நின்று, சில ஆண்டில் மரமெல்லாம் நீலமாகிவிடும். தோல் நிறத்தை வெறும் ரோஸ் கலந்து செய்தால் முகங்கள் சாம்பல் பூத்துவிடும். அந்த இரு இரும்பு ஆக்சைடுகளும் வெள்ளையும் கொஞ்சம் நீலமும் போதும், எல்லாத் தோல் நிறமும் வரும்.

பிரைமர் சொரசொரப்பான பூச்சில் லிட்டருக்குச் சுமார் 8 சதுர மீட்டர் போகும், எனவே 36 சதுர மீட்டருக்கு ஒரு கோட் நாலரை லிட்டர். கார எதிர்ப்புள்ளதாக வாங்கி இரண்டு கோட் கொடுங்கள். நிறத்தில் தண்ணீர் கால் பங்குக்கு மேல் வேண்டாம். அதிகமானால் பசை நீர்த்து, காய்ந்த பிறகு கையில் பொடியாக வரும். பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் அடிநிறத்தை மூடாது. அவற்றுக்கு அடியில் அதே நிறத்தோடு வெள்ளை கலந்த ஒரு கோட் முதலில்.

சூடான சுவரில் தீட்டக் கூடாது. மேற்குச் சுவர் என்பதால் காலை முதல் நண்பகல் வரை நிழல், அதுதான் உங்கள் வேலை நேரம். சாரத்தின் மேல்தட்டில் பயிற்சி உள்ளவர்கள் மட்டும்; பிள்ளைகள் தரையில் நின்று எட்டும் உயரத்தில். அவர்களுக்கு முதல் பாடம், தூரிகையின் மயிரில் மூன்றில் ஒரு பங்குதான் முக்க வேண்டும். இரண்டாவது, கோட்டுக்கு ஒரு விரல் அகலம் உள்ளே நிறுத்த வேண்டும். அந்த ஓரங்களை நீங்கள் சொன்ன இருவரும் பின்னால் வந்து தீட்டி முடிக்கட்டும். தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படம் சுத்தமாகத் தெரிவது ஓரங்களால்தான்.

பொதுவெளி எழுதியது:

எதை வரைவது என்று யாரும் இன்னும் தொடவில்லை. பெயின்ட் உரிவதற்கு முன்பே வெள்ளையடிக்கப்பட்ட சுவர்கள் ஏராளம்.

மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா நியூயார்க் ராக்கஃபெல்லர் மையத்தில் தீட்டிய சுவரோவியத்தில் லெனின் முகம் வந்ததும் 1933ல் வேலை நிறுத்தப்பட்டது, 1934 பிப்ரவரியில் உடைத்தெறியப்பட்டது. சுவர் வேறொருவருடையது, படம் இவருடையது. அந்த இரண்டுக்கும் நடுவே தெளிவான எழுத்து இல்லாவிட்டால் இன்றைக்கும் அதே கதிதான். பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையில் 1928ல் சேர்ந்த ஒரு பிரிவு, படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைக் கலைஞருக்குத் தருகிறது. நாட்டுக்கு நாடு அதன் வலு வேறுபடும். அமெரிக்காவில் 1990ம் ஆண்டுச் சட்டப்படி, சேதமில்லாமல் அகற்றக்கூடிய படைப்பாக இருந்தால் கட்டட உரிமையாளர் 90 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தின் ஓவியச் சுவர்களை 2013ல் உரிமையாளர் முன்னறிவிப்பின்றி இரவோடு இரவாக வெள்ளையடித்தார். 2018ல் நீதிமன்றம் கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. இந்தியாவில் தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979ல் அகற்றப்பட்ட சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்கு 2005ல்தான் தீர்ப்பு வந்தது. எஞ்சியவற்றை அவரிடமே ஒப்படைக்க உத்தரவாயிற்று.

வழக்குக்குப் போக வேண்டாம், ஒரே பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: எத்தனை ஆண்டு நிற்கும், ஆண்டுக்கு ஒருமுறை யார் பார்த்துச் சரிசெய்வது, அதற்குப் பணம் எங்கிருந்து, அகற்ற நேர்ந்தால் எத்தனை நாள் முன்பு யாரிடம் சொல்வது, முதலில் யார் படமெடுத்து ஆவணப்படுத்துவது.

கருப்பொருளுக்கு வருகிறேன். ‘என்ன படம் வேண்டும்’ என்று கேட்டால் முகங்களும் மலையும் அருவியும் பட்டியலாக வரும். ‘புதிதாக வரும் ஒருவருக்கு இந்த இடத்தில் எதைக் காட்டுவீர்கள்’ என்று கேளுங்கள், பதிலே வேறாக இருக்கும். அவற்றிலிருந்து மூன்று முன்வரைவு செய்து, அந்தச் சுவரின் முன்னாலேயே இரண்டு வாரம் மாட்டி வையுங்கள். வாக்கெடுப்பு வைக்காதீர்கள், அழகாக முடித்திருக்கும் வரைவுதான் ஜெயிக்கும். ‘இதில் எது உங்களை உறுத்துகிறது’ என்று மட்டும் கேட்டு எழுதி வாங்குங்கள். எதிர்வீட்டில் இருப்பவர்களைத் தனியாகப் போய்க் கேளுங்கள். மற்றவர்கள் கடந்துபோகிறார்கள், அவர்கள் ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தாக வேண்டும்.

தலைவர்களின் முகம் வேண்டும் என்பவருக்கு: யாரை விட்டீர்கள் என்பதுதான் முதல் சண்டை. முகம் பிசகினால் அது அவமதிப்பாகவும் படும். லாஸ் ஏஞ்சலிஸில் ஓவியர் ஜூடி பாகா 1976ல் தொடங்கிய நெடுஞ்சுவர் 800 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள் சேர்ந்து தீட்டியது. அங்கே சொல்லப்படுவது அந்த மண்ணில் வாழ்ந்த பல மக்களின் வரலாறு, பாடநூலில் விடுபட்டவர்கள் உட்பட. தனி முகங்களும் அதற்குள் வருகின்றன, ஆனால் ஒரு நிகழ்வின் பகுதியாக.

சுவர் வரை வர முடியாதவர்களையும் சேர்க்க ஒரு வழி உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் 1984ல் தொடங்கிய சுவரோவியத் திட்டத்தில் நெய்யாத மெல்லிய துணியில் சுமார் ஒன்றரை மீட்டர் சதுரங்களாக உள்ளேயே உட்கார்ந்து தீட்டி, பிறகு அக்ரிலிக் ஜெல் பசையால் சுவரில் ஒட்டுகிறார்கள். சிறையில் இருப்பவர்களும் அப்படித்தான் பங்கெடுக்கிறார்கள். ஓதம் உள்ள சுவரில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, துணியோடு உரியும்.

நூலகச்சுவர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். படத்தை வினைலில் அச்சடித்து ஒட்டினால் இவ்வளவு வேலையும் மிச்சம் என்கிறார் ஒருவர். இன்னொன்று, முடிந்த பிறகு மேலே வார்னிஷ் அவசியமா?

சதுரக்கட்டம் எழுதியது:

சொரசொரப்பான, உப்புள்ள சுவரில் வினைல் முதலில் ஓரங்களில் தூக்கும், நீர் உள்ளே போய்ப் பையாகத் தொங்கும். அதில் ஒரு மூலை கிழிந்தால் தொட்டுச் சரிசெய்ய முடியாது, முழுவதும் மாற்ற வேண்டும். தீட்டிய சுவரில் கால் லிட்டர் டின்னைத் திறந்து அன்றைக்கே சரிசெய்துவிடலாம். இதையெல்லாம் விட, தன் கையால் ஒரு கட்டம் நிரப்பிய பிள்ளை அந்தச் சுவரில் யாராவது கிறுக்கினால் சும்மா போகாது. பொதுச் சுவருக்கு அதைவிடப் பெரிய காவல் கிடையாது.

வார்னிஷ் போடலாம், ஆனால் கரைப்பானால் நீக்கக்கூடிய வகை மட்டும், புற ஊதாத் தடுப்போடு. அதற்கு அடியில் தெளிந்த அக்ரிலிக் ஒரு கோட் பிரிப்புப் படலமாக இருந்தால்தான் பின்னாளில் வார்னிஷை எடுக்கும்போது நிறம் கூட வராது. படம் முழுதாகக் காய இரண்டு மூன்று வாரம் விடுங்கள். மழைக்காற்று நாளில் அடித்தால் பால் போல மங்கும், ஒரு தடித்த கோட்டை விட இரண்டு மெல்லிய கோட் மேல். பாலியூரித்தேன் வேண்டாம், நீக்க முடியாது, ஈரத்தையும் உள்ளே அடைக்கும்.

நூலகச்சுவர் எழுதியது:

தாள் சோதனை செய்தோம். மூன்று மீட்டரிலும் ஒன்றரை மீட்டரிலும் உலர்ந்திருக்கிறது. 30 செ.மீ. தாளின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி. குழாயில் கசிவு இல்லை. சுவரோரம் மண் ஒரு சாண் உயரம் குவிந்திருக்கிறது.

காரைப்பூச்சு எழுதியது:

அப்படியானால் பாதி விடை கிடைத்துவிட்டது. அந்த மண்ணைச் சுவரை விட்டு அரை மீட்டர் அகலத்துக்கு வெட்டி எடுத்து, ஓதத்தடுப்பு அடுக்குக்கு (ஈரம் மேலே ஏறாமல் சுவரின் அடியில் வைத்துக் கட்டும் அடுக்கு) ஒரு சாணாவது கீழே மட்டம் இறக்குங்கள். அடுக்கு எங்கே இருக்கிறது என்பது பூச்சைக் கொஞ்சம் கொத்தினால் தெரியும். வெட்டிய இடத்தில் ஜல்லி நிரப்பி, நீர் வெளியே ஓடச் சரிவு கொடுங்கள். கீழ்ப்பட்டையில் உரிந்ததை இப்போதே சுரண்டிவிட்டு வெறும் பூச்சாகக் காற்றாட விடுங்கள். ஆறு வாரம் கழித்து, ஒரு நல்ல மழைக்குப் பிறகு, அதே 30 செ.மீ. இடத்தில் மறுபடி தாள் ஒட்டிப் பார்த்து இங்கே எழுதுங்கள். அதற்குள் பொதுவெளி சொன்ன முன்வரைவுகளை மாட்டிவிடலாம்.